தான் விட்ட புரளியைத் தானே வாங்கியவர்

ஜெனரல் மானேஜர் என்ற உயிரினத்தைப் பார்க்க ஆசையிருந்தால் ஏப்ரல் மாதத்தில் வாருங்கள். மற்ற மாதங்களிலும் அது இருக்கும். ஆனால் ஏப்ரலில்தான் வாய் திறந்து பேசும். பேசுவதில் ஒரு சொல்கூட உண்மையாக இருக்காது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

நான் சொல்வது எங்கள் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி. காலுக்கு அதில் அதிக வேலை கிடையாது. ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதீர்கள், எங்களுக்கும் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் கடைசியில், முப்பது அணிகளின் மானேஜர்களும் வரிசைப்படி, கல்லூரியில் ஆடி முடித்த பையன்களில் ஆளுக்கொருவனைப் பொறுக்கிக்கொள்வார்கள். இதற்கு டிராஃப்ட் என்று பெயர். போன வருடம் அதிகம் தோற்ற அணிக்கு முதல் கை. பாவம், இனியாவது ஜெயிக்கட்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்த அணி ஏன் அவ்வளவு தோற்றது? அதன் மானேஜர் ஆள் பொறுக்கிய லட்சணத்தால். அவரையே கூப்பிட்டு, "வாங்க, நீங்களே முதல்ல எடுங்க" என்கிறோம்.

நான் டொலிடோ அணிக்குப் பத்தொன்பது வருடமாக ஆள் பார்க்கிறவன். ஒஹாயோ முழுக்கக் காரில் சுற்றி, பெட்ரோல் பங்க்கில் காலையிலிருந்து சூட்டு உருளைகள்மேல் உருண்டுகொண்டிருக்கும் ஹாட் டாக்கைத் தின்று, மழையில் நனைந்தபடி பையன்கள் ஆடுவதைப் பார்த்து எழுதிக்கொடுப்பது என் வேலை. நான் எழுதியதைப் படிக்காமலிருப்பது எங்கள் மானேஜர் டெல்பர்ட் சாபோவின் வேலை. இருவருமே எங்கள் வேலையில் ஒரு குறையும் வைத்ததில்லை.

சாபோ ஆட்டத்தைப் பார்க்கமாட்டார், அளப்பார். பையனை அரை டிராயரோடு நிற்கவைத்து உயரம், எடை, கை நீளம், கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை உள்ளங்கை அகலம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எகிறுகிறான், நாற்பது கஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான், எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பார்ப்பதோடு விட்டுவிடுவார்கள். இவர் அதற்குப் பிறகு தனியறையில் உட்காரவைத்து, "நீ ஒரு காய்கறியாப் பொறந்திருந்தா எந்தக் காயாப் பொறந்திருப்பே?" என்று கேட்பார். ஒரு பையன் உருளைக்கிழங்கு என்றான். மண்ணுக்குள்ளேயே இருந்துவிடலாம், யாரும் முட்டித் தள்ளமாட்டார்கள் என்று காரணமும் சொன்னான். சாபோ தன் குறிப்பேட்டில் "ஆழமானவன்" என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

தேர்வு முடிந்ததும் நிருபர்கள் முன்னால் நின்று, "நம்ம முறை வர்ற வரைக்கும் இந்தப் பையன் மிச்சம் இருப்பான்னு கனவுலகூட நினைக்கல" என்பார். சாபோ மட்டுமா? முப்பது மானேஜர்களும் ஒரே நாளில் இதையே சொல்கிறார்கள். அத்தனை பேரும் ஆச்சரியப்படுகிறார்கள். அவனை வேண்டாமென்று விட்டுவைத்ததும் இதே ஆசாமிகள்தான்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். வேலை கஷ்டமானதுதான். இருபத்தொரு வயதுப் பையன் இருபத்தைந்து வயதில் எப்படி இருப்பான் என்பது அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. முழங்கால் எப்போது போகும், கையில் காசு வந்ததும் புத்தி எப்போது போகும், எந்த மானேஜராலும் சொல்ல முடியாது. பாதி பலிக்கும், பாதி பலிக்காது. காசைச் சுண்டிவிட்டுத் தேர்ந்தெடுத்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் வரும். ஆனால் "எனக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொள்கிறவருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? அதனால் தெரிந்த மாதிரி இருக்கப் பழகுகிறார்கள். நாளாக ஆக, தெரியும் என்றே நம்பிவிடுகிறார்கள்.

சாபோவின் போதாத காலம், தொடர்ந்து இரண்டு வருடம் காசு தப்பாகவே விழுந்தது. முதல் வருடம் உள்ளங்கை அகலத்தை நம்பி ஒருவனை எடுத்தார். அகலமான கைதான், பந்து அதில் தங்கவில்லை. அடுத்த வருடம் உருளைக்கிழங்கு. அவன் சொன்ன வாக்கைக் காப்பாற்றி, ஆட்டம் தொடங்கியதும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டான். அணியின் முதலாளி மார்ஜரி லட்லோ அம்மாள், எழுபத்தெட்டு வயது, கணவர் விட்டுப்போன அணியை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவர். மார்ச் மாதம் சாபோவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"இங்க பாருப்பா டெல்பர்ட்," என்றார், காபியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே. "இந்த வாட்டியும் சொதப்புனா, உன் மச்சான் சாண்டஸ்கியில படகுக்கடை வச்சிருக்கான்ல, அங்க போய் உட்காந்துக்கோ. எனக்குக் கோபமெல்லாம் இல்ல. ஆனா அங்கதான் உட்காரணும்."

சாபோவுக்கு ஐம்பத்தாறு வயது. மச்சானோடு பேச்சுவார்த்தை நின்று ஆறு வருடம். படகு என்றாலே அவருக்கு வாந்தி வரும். வெளியே வந்து காரில் ஏறியவர் அரைமணி நேரம் சாவியைத் திருகவே இல்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் உண்மையாகவே பரிதாபமாக இருந்தது.

அந்த வருடத் தேர்வு வரிசையில் எங்களுக்கு ஐந்தாவது இடம். நான் மூன்று வருடமாக மழையில் நின்று பார்த்த எமெட் ஓக்லி என்ற பையன் இருந்தான். வாயைத் திறக்கமாட்டான், எதிராளி எருமை மாதிரி ஓடிவந்தாலும் நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டான். அதிசயமாக சாபோ இந்தமுறை என் காகிதத்தைப் படித்தார். பயம் வந்தால் படிப்பும் வந்துவிடும் போலிருக்கிறது. ஓக்லிதான் வேண்டும் என்று முடிவானது. எங்களுக்கு முன்னால் இருக்கும் நான்கு அணிகளுக்கும் வேறு தேவைகள் இருந்தன. சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவன் தானாக எங்கள் மடியில் விழுந்திருப்பான்.

ஆனால் ஏப்ரலில் ஒரு மானேஜரைச் சும்மா உட்காரச் சொல்ல முடியுமா? ஓக்லிமேல் நமக்குக் கண் என்று வெளியே தெரிந்தால் எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவான், அதனால் வேறு ஒருவன்மேல் ஆசை என்று கிளப்பிவிட வேண்டும் என்றார். அந்த வேறு ஒருவனாக கோல்பி ரென்ஷாவைத் தேர்ந்தெடுத்தார். அவன் பந்தெறிகிறவன். எழுபது கஜம் எறிவான். எந்தப் பக்கம் என்பது அவனுக்கும் கடவுளுக்கும் மட்டுமே, சில சமயம் கடவுளுக்கு மட்டுமே தெரியும். பத்திரிகைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, ரொட்டியில் மடித்த ஹங்கேரிய சாஸேஜ் வாங்கிக்கொடுத்து, "வெளிய சொல்லிடாதீங்க" என்ற கட்டளையோடு, டொலிடோ ரென்ஷாவுக்காக ஏங்குகிறது என்று காதில் போட்டார். வெளியே சொல்லாதே என்பதைவிட வேகமாகப் பரவும் செய்தி எதுவுமில்லை.

பத்திரிகைக்காரர் பெயர் போடாமல் "ஓர் அணி" என்று எழுதினார். ரேடியோக்காரர் அதைப் படித்துவிட்டு "சில அணிகள்" என்றார். ரென்ஷாவின் ஏஜென்ட் கேட்டுவிட்டு "மூன்று அணிகள் அடித்துக்கொள்கின்றன" என்று கண்ணும் மூக்கும் வைத்தார். டல்சா அணிக்கு ஆள் பார்க்கும் என் பழைய நண்பன் எனக்கே போன் செய்து, ரென்ஷாவை எங்கள் முறைக்கு முன்னாலேயே யாரோ தூக்கப்போகிறார்களாம், கேள்விப்பட்டாயா என்றான். சிரித்துக்கொண்டே சாபோவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"மூணு டீமா?" என்றார்.

"டெல், அது நம்ம விட்ட புரளி. சுத்திட்டு நம்மகிட்டயே வந்திருக்கு, அவ்வளவுதான்."

"தெரியும்யா. ஆரம்பிச்சது நாமதான். ஆனா நெருப்பில்லாம புகையுமா, ராய்?"

"புகையைப் போட்டதே நீங்கதானே."

"நான் போட்டது ஒரு டீமுக்கு. இப்ப மூணுன்றாங்க. மிச்சம் ரெண்டு எங்கேர்ந்து வந்துச்சு, சொல்லு?"

 இந்தக் கணக்குக்கு உங்களிடம் பதில் இருந்திருக்குமா?

தேர்வு நாளில் மூன்று பேர் முடிந்து, டல்சாவின் முறை வந்தது. அவர்களுக்குப் பத்து நிமிடம். சாபோ அறைக்குள் நடந்தார், உட்கார்ந்தார், பாதி டோனட்டைக் கடித்து மீதியைச் சட்டைப்பைக்குள் போட்டார். "ரென்ஷாவை விட்டுட்டா ஊர் என்னைத்தான்யா கேட்கும்" என்றார் இரண்டுமுறை. பிறகு நான் கையைப் பிடித்துத் தடுப்பதற்குள் டல்சாவுக்குப் போன் போட்டு, அடுத்த வருடத்து முதல் தேர்வையும் அதற்கடுத்த வருடத்து முதல் தேர்வையும் தாரைவார்த்து, எங்கள் ஐந்தாவது இடத்தைக் கொடுத்து அவர்களுடைய நான்காவது இடத்தை வாங்கி, ரென்ஷாவை எடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும். எங்கள் ஐந்தாவது இடத்துக்கு வந்த டல்சா, தன் தேவைக்கு இனி எங்களுடைய இரண்டு வருடத் தேர்வுகளே போதும் என்று, ஓக்லியைச் சாவகாசமாக எடுத்துக்கொண்டது. அந்த மூன்று அணிகள் எவை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

செப்டம்பரில் ரென்ஷா முதல் ஆட்டம் ஆடினான். எதிரணிக்கு நான்கு பந்து, பேண்டு வாத்தியக் கோஷ்டியின் டிரம்மருக்கு ஒரு பந்து, நம் ஆளுக்கு இரண்டு பந்து என்று பாரபட்சமில்லாமல் வழங்கினான். நவம்பரில் லட்லோ அம்மாள் சாபோவுக்குப் போன் செய்தார். காபியும் இல்லை, கோபமும் இல்லை. "மச்சானுக்குச் சொல்லிட்டேன்பா, திங்கக்கிழமை வரச் சொல்றான்," என்றார்.

போன கோடையில் சாண்டஸ்கி பக்கம் போனபோது சாபோவைப் பார்க்கக் கடைக்குப் போனேன். வாசலில் ஓட்டை உடைசலாக ஒரு பழைய மீன்பிடிப் படகு, அதன்மேல் "விற்றாகிவிட்டது" என்ற அட்டை. ஆறு மாதமாக யாரும் சீந்தாத படகு அது என்று அவர் மச்சான் என்னிடம் தனியாகச் சொன்னார். யார் வாங்கியது என்று கேட்டேன். ஒரு வாடிக்கையாளரை மடக்குவதற்காக சாபோ, இதைப் பார்க்க நான்கு மணிக்கு இன்னொரு பார்ட்டி வருகிறது என்று அளந்துவிட்டாராம். வாடிக்கையாளர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். மூன்றே முக்காலுக்கு சாபோவுக்கு வியர்த்துக் கொட்ட ஆரம்பித்ததாம். மூன்று ஐம்பத்தைந்துக்கு அவரே வாங்கிவிட்டாராம்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். வாங்கிய நாளிலிருந்து பெட்டிகூடப் பிரிக்காமல் ஒன்று இருக்கிறதே, அன்றைக்கு அதை உங்களுக்கு முன்னால் தட்டிக்கொண்டு போக இருந்த அந்த இன்னொரு ஆளை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?