ஒரு சாண் மரத்துக்கு ஓர் இலாகா

பேரரசுகள் எதனால் நிலைக்கின்றன என்று அறிஞர்கள் பலவிதமாகச் சொல்வார்கள். படைபலம் என்பார்கள், பொருள்வளம் என்பார்கள். அவர்களில் ஒருவர்கூட 1943-ஆம் ஆண்டில் மலாய் நாட்டில், சுவாவுக்கு உட்புறம் இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்ததில்லை. வந்திருந்தால் உண்மை விளங்கியிருக்கும். ஒரு சாண் உயரமுள்ள ஆலமரம் ஒன்றைப் பராமரிக்க ஏழு ஆட்களும் ஒரு மேற்பார்வையாளரும் கொண்ட தனி இலாகா நடத்துகிற ஆட்சி எதுவோ, அதுவே நிலைக்கும். அந்த ஆட்சி அதற்குப் பிறகு இரண்டே ஆண்டுதான் நிலைத்தது என்பது வேறு விஷயம்.

அந்த இலாகாவை நிறுவிய பெருமை தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி செல்வநாயகத்தைச் சேரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். தெரிந்துகொண்டதை எதிரில் இருப்பவருக்கு விளக்காமலும் விடமாட்டார். “மணி என்ன எண்டு கேட்டால் மணிக்கூட்டைக் கழட்டிக் காட்டுற மனிசன்” என்பது அவர் மனைவி பூரணத்தின் தீர்ப்பு. செல்வநாயகம் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் தமுரா என்ற ஜப்பானிய அதிகாரி குடியேறினார். துரை போனாலும் அந்தச் சொல் போகவில்லை. அவரும் தமுரா துரை ஆனார். பங்களாக் கூரையின் தண்ணீர்ப் பீலியில் முளைத்திருந்த ஓர் ஆலங்கன்றைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. ஊரில் அவருடைய அப்பா இப்படித்தான் மரங்களைத் தட்டில் வைத்துக் குள்ளமாக வளர்ப்பாராம். நானூறு ஏக்கர் ரப்பரை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நடச் சொன்ன அதே வாயிலிருந்து, இந்தக் கன்றின் ஒரு வேர்கூட அறுபடக் கூடாது என்று உத்தரவு பிறந்தது.

அதற்கென்றே கருவிகள் உண்டு. ஆனால் அவை ஜப்பானில் இருந்தன. இங்கே இருந்தவை தமுரா துரை பென்சிலால் வரைந்த படங்கள் மட்டுமே. படத்தைப் பார்த்த நாள் முதல் செல்வநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு இறங்கவில்லை என்று சொல்வதே சரி; சோறு ஏது?

கருவி தேர்வதில் அவர் ஒரு விதி வகுத்தார்: அழகானதைத் தேடாதே, செய்ய வேண்டிய வேலையைத் தேடு. பால்வெட்டும் கத்தி ஒன்றின் வாயை அரத்தால் ராவி, ஒரு மிளகு உட்காரும் அளவுக்குக் குழித்தார். ஸ்டோரில் எரிந்துபோய்க் கிடந்த மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பி எடுத்தார். ரப்பர் பால் வடிகட்டிய பித்தளைச் சல்லடை மண் சலிக்க வந்தது. பழைய துரை விட்டுப்போன முள்கரண்டியின் பற்களை வளைத்து வேர் கோதும் கருவி செய்தார். அந்தக் காலத்தில் முள்கரண்டிக்கு வேறு வேலையும் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் தன் நுனி வளைந்த கத்தரிக்கோலை இரவல் கொடுத்தார். நறுக்கவும் கத்தரிக்கவும் பால்வெட்டு ஆள் வீரமுத்து வந்தான். மரத்துக்குக் காயம் படாமல் ஒரு நூல் கனத்துக்குப் பட்டை சீவுகிற கை அவனுடையது.

இந்த நல்ல நேரத்தில்தான் சிரம்பானிலிருந்து ஓர் ‘அழைப்பு’ வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள். மூன்று மாத வேலை, சாப்பாடு உண்டு, ஆட்களை அனுப்புக. முதல் தடவை போனவர்கள் ஆறு மாதமாகியும் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை. ஆகவே இரண்டாம் தடவை அழைப்புடன் லாரியும் துப்பாக்கியும் வந்தன.

தமுரா துரை ஒரே ஒரு சலுகை காட்டினார். ஆலமரத்தில் கை வைக்கிறவன் போக வேண்டாம். வீரமுத்துவின் மனைவி பஞ்சாலை அன்று ஆபீசுக்கு வந்து, கிராணியின் மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனாள்.

கங்காணி சன்னாசி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“வீரமுத்து பொழைச்சான்யா. இன்னும் ஆறு ஆளு பேரு லாரிக்குப் போயிருக்கு. எல்லாம் பிள்ளகுட்டிக்காரன். எங்க கொண்டு ஒளிக்கிறது?”

கிராணி மேசையில் வரிசையாகப் பரப்பியிருந்த கருவிகளைப் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார்.

“கங்காணி, ஒரு கருவிக்கு ஒரு ஆள்.”

“ஒரு சாண் மரத்துக்கா?”

“மரம் சின்னது. வேலை பெரிசு. கேளும். கத்தி பிடிக்க வீரமுத்து. கத்தி தீட்ட ராமசாமி. மண் சலிக்க ரெண்டு பேர். பருமண்ணுக்கு ஒருத்தன், பொடிமண்ணுக்கு ஒருத்தன். கம்பியைச் சூடுகாட்ட ஒருத்தன். ஆறவைக்க ஒருத்தன்.”

“தன்னால ஆறிடாதாய்யா?”

“ஆறும். ஆனால் ஆறிட்டுது எண்டு ஒருத்தன் சொல்ல வேணும்.”

“சொன்னா போதுமா?”

“எழுதி வைப்பம்.”

“அப்ப முனியாண்டி? அவனுக்கு ஒரு வேலயும் தெரியாதேய்யா. பால் வாளியே கவுத்துடுவான்.”

“மரம் இருக்கிற தட்டை அவன் திருப்பட்டும். வெயில் எல்லாப் பக்கமும் பட வேணும். நாளைக்குக் கால் சுற்று.”

“கால் சுத்தா?”

“கூடத் திருப்பிப்போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும்.”

தமுரா துரை பட்டியலைப் பார்த்து “பாகுஸ்! பாகுஸ்!” என்று மலாயில் மகிழ்ந்தார். தன் அப்பாவிடம் ஓர் ஆள்கூடக் கிடையாது என்று சொல்லும்போது அவர் குரலில் அப்பாமேல் சிறு இரக்கம் தெரிந்தது. லாரி பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிற்று. அங்கே யார் ஏறினார்கள் என்பது இலாகாவின் குறிப்புகளில் இல்லை.

‘சிறுமரக் கருவி இலாகா’ ஐந்து மாதம் சீராக நடந்தது. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் மற்றவர்கள் மண்வெட்டியுடன் நிற்க, ஏழு பேர் தத்தம் கருவியுடன் தனி வரிசையில் நின்றார்கள். ஆலமரம் வாரத்துக்கு ஓர் இலை விட்டது. இலாகா கூடி அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டது. முனியாண்டி ஒருநாள் தவறுதலாக அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு, மறுநாள் ‘விடுமுறை’ எடுத்துக்கொண்டான்.

ஒரே குறை கிராணிக்குத்தான். கருவிகளைப் பற்றித் தெரிந்த அத்தனையும் அவருக்குள் தேங்கி நின்றது. தமுரா துரையிடம் அரைகுறை மலாயில் விளக்கினால் பாதிதான் போய்ச்சேரும். ஆட்களோ அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள். பூரணம் விளக்கம் தொடங்கியதுமே அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போய்விடுவாள்.

அப்படியிருக்கையில் சிரம்பானிலிருந்து ஒரு மேஜர் மேற்பார்வைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டவர், காட்டிலாகாப் படிப்பு படித்தவர், நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்.

எல்லாம் ஒத்திகைப்படியே நடந்தது. ஏழு பேரும் வணங்கினார்கள். கம்பி சூடாயிற்று, ஆறிற்று, ஆறிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. முனியாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டைச் சரியாகக் கால் சுற்றுத் திருப்பினான். “இவ்வளவு பேர் எதற்கு?” என்று மேஜர் கேட்க, “நுட்பமான வேலை, சார்” என்றார் கிராணி. மேஜர் தலையாட்டிவிட்டுக் காரை நோக்கித் திரும்பினார். வீரமுத்து நெற்றி வேர்வையைத் துடைத்தான்.

மேஜர் நின்றார். வெறும் ஆர்வத்தில், மேசைமேல் இருந்த கத்தியை எடுத்தார்.

“இதன் வாய் மட்டும் ஏன் குழிந்திருக்கிறது?”

இந்தக் கேள்வியைச் செல்வநாயகத்திடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

“அருமையான கேள்வி, சார்! கிளையை நேராக வெட்டினால் அடிக்கட்டை துருத்திக்கொண்டு நிற்கும்; ஆறினாலும் புடைப்புத் தெரியும். இது தண்டுக்குள் சிறு குழியாகக் கடிக்கிறது. சுற்றியுள்ள பட்டை உள்ளே உருண்டு வந்து மட்டமாக மூடிக்கொள்ளும். பாருங்கள்!”

வீரமுத்து முன்னால் வருவதற்குள் கிராணியே ஒரு குச்சிக் கிளையை நறுக்கிக் காட்டினார்.

“இந்தக் கம்பி?”

“செம்பு, சார். எஃகைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் இறுகும். செம்பு அப்படியே தலைகீழ், இளகும். சுற்றும்போது வளைய வளைய மறுபடி இறுகிக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கம்பி, சாய்வாகச் சுற்ற வேண்டும். இதோ!” சூடுகாட்டி, ஆறவைத்து, ஒரு கிளையில் சுற்றியும் காட்டினார். ஆறிவிட்டதா என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

வீரமுத்து இருமினான். ராமசாமி இருமினான். இலாகா முழுவதும் இருமியது.

“ஐயா,” என்றான் முனியாண்டி தாங்க முடியாமல், “தட்டு நான்தானே திருப்பணும் லா!”

“பொறடா, இடதுகையாலேயே திருப்பலாம்” என்று சொல்லித் திருப்பிக் காட்டினார் கிராணி. கால் மணி நேரத்தில் வேலை முழுவதும் முடிந்தது. அவர் நெற்றி மின்னியது. “பார்த்தீர்களா, சார்? மிக எளிது. நல்ல கருவி இருந்தால் ஒரே ஆள் போதும்!”

“ஒரே ஆள்” என்றார் மேஜர்.

“தாராளமாக, சார்!”

மேஜர் சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்த பிறகுதான் செல்வநாயகத்துக்குத் தாம் என்ன விளக்கினோம் என்பது விளங்கிற்று. அதற்குமேல் அவர் சொன்னதெல்லாம் திக்கல்தான். மேஜருக்கு அது அடக்கமாகப் பட்டது.

மறுநாள் காலை லாரி வந்தது. ஏழு பேர் ஏறினார்கள். போகும்போது ராமசாமி, “கத்திய எண்ணெ போட்டு வைங்கய்யா, துருப்பிடிச்சிடும்” என்று சொல்லிவிட்டுப் போனான். வீரமுத்து கிராணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“வாயிலை ஒரு கொழுக்கட்டையை வைச்சுக்கொண்டு நிண்டிருக்கக் கூடாதோ?” என்று கேட்டாள் பூரணம். அன்று அவள் குசினிக்குப் போகவில்லை. அவர்தான் வீட்டைவிட்டு வெளியே போனார்.

அடுத்த வாரம் மேஜரிடமிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது. ‘வீண் ஆட்களைக் குறைத்து, ஏழு பேரை நாட்டின் தேவைக்கு விடுவித்த அறிவாளி’ என்று அதில் இருந்தது. தமுரா துரை அதை ஆபீஸ் சுவரில் தம் கையாலேயே மாட்டினார். செல்வநாயகம் இரண்டு முறை படித்துப் பார்த்தார். எழுத்துப்பிழை ஒன்றாவது இருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை.

பஞ்சாலை வந்தாள். அழவில்லை. மேசைக்கு எதிரே நின்றாள்.

“ஐயா, எதக் கேட்டாலும் நீங்க புரியிற மாதிரி சொல்லுவீங்கன்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. சயாமு எங்க இருக்கு?”

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டது. அவரால் என்ன செய்ய முடியும்? காகிதத்தில் கோடு போட்டார். “இது சிரம்பான். இங்க ரயில் ஏறினால் கோலாலம்பூர். பிறகு வடக்கே ஈப்போ. எல்லை தாண்டினதும் எஞ்சினை மாத்துவினம். பாதை ஒரே அகலம் எண்டபடியால் பெட்டி மாறத் தேவையில்லை. அங்கயிருந்து மேற்கே திரும்பி…”

அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். அவர் பென்சிலைக் கீழே வைத்ததும் சொன்னாள்:

“போற வழி தெளிவா சொல்லிட்டீங்க. வர்ற வழியும் சொல்லுங்கய்யா.”