மேப் ஐயா உட்கார்ந்த மூன்று கற்கள்

மதுரையில் சம்பளம் வாங்கிக்கொண்டு இங்கிலாந்தில் குடியிருந்த ஒரே மனிதர் எங்கள் மேப் ஐயாதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சர்வே ஆபீசில் அவர் படம் வரைபவர், நான் குமாஸ்தா. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் பங்களா ஏலத்தில், ஏதோ ஒரு சின்ன ஆங்கிலக் கிராமத்தின் சரித்திரப் புத்தகம் அவர் கையில் சிக்கியது. அதோடு நாங்கள் தொலைந்தோம். அந்த ஊர் ஓடை எங்கே வளைகிறது, மேட்டுத் தேவாலயத்தை யார் கட்டினார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. திருப்பரங்குன்றத்துக்கு வழி கேட்டால் மட்டும் முழிப்பார். சித்திரை வெயிலில், "நம்ம ஊர்ல இப்பத்தான் பூப் பூக்கும் தம்பி" என்பார்.

ஒருநாள் வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்தார் சிலர் மனு எழுத எங்களிடம் வந்தார்கள். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தைப் பக்கத்து மிராசுதார் விழுங்கப் பார்க்கிறார். ஆபீஸ் படத்தில் அந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் ஆதாரம் மூன்று எல்லைக்கல்தான். அவற்றையும் பிடுங்கிவிட்டால் அத்தனை மாடும் பட்டினி.

மேப் ஐயா புத்தகத்தோடு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் இறங்கினார், நானும் போனேன். அந்த ஆங்கில ஊரில் வருஷம் ஒருமுறை எல்லோரும் எல்லையைச் சுற்றி நடப்பார்களாம். கல்லுக்குக் கல் ஒரு பையனைத் தூக்கி அதன்மேல் 'ணங்'கென்று உட்கார்த்துவார்களாம். ஆயுசுக்கும் இடம் மறக்காதாம்.

"எங்க பிள்ளைக என்னய்யா பாவம் செஞ்சுச்சுக?" என்றார் நாட்டாமை. "வேணும்னா ஒங்களத் தூக்குறோம்."

"தூக்குங்க!" என்றார் மேப் ஐயா.

நாலு பேர் தூக்கினார்கள். ஊரே கூடி நின்று பார்த்தது. அதன்பிறகு ஒரு மாதம் ஆபீசில் அவர் நின்றபடியேதான் படம் வரைந்தார்.

பயந்தபடியே மூன்று கல்லும் காணாமல் போயின. விசாரணைக்கு எங்களோடு வந்த அதிகாரி, "கல் இருந்த இடம் யாருக்குத் தெரியும்?" என்றார்.

"இந்தா, இங்கதான் ஐயா 'ஆத்தாடி'ன்னாக!"

"இந்த வேலமரத்துக்கிட்ட 'முருகா'ன்னு அம்புட்டுச் சத்தம் போட்டாக!"

"இங்க சத்தமே வரல சாமி. மூச்சு நின்னுபோச்சுன்னுல்ல நெனச்சோம்!"

ஊரார் காட்டிய மூன்று இடத்திலும் தோண்டினார்கள். கல்லைப் பிடுங்கிய குழிகள், அவசரமாக மூடிய புது மண்ணோடு அப்படியே இருந்தன. மிராசுதார் முகத்தில் ஈயாடவில்லை. நிலம் தப்பியது.

நாங்கள் கிளம்பும்போது, பசுவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தார். "அண்ணே, அந்த வெள்ளக்கார ஊர்ல மாடு கண்ணெல்லாம் சொகமா? நாங்க பொழச்சுக்கிட்டோம்னு அவுகளுக்கு ஒரு கடுதாசி போட்டுருங்க."

"போடுறேன் தாயி" என்று மேப் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கடிதத்தை நிஜமாகவே எழுதினார். தபால் ஆபீசுக்கு அவரோடு போய் ஸ்டாம்பு ஒட்டியது நான்தான்.