மூன்றாவது கிளாசில் பீட்

"இஞ்சாருங்க, இண்டைக்கும் பீட்ரூட்டா?"

சுந்தரம்மா கேட்டது கோணாமலையின் காதில் ஏறவில்லை. அவர் பீட்ரூட் கறிக்கு மேல் மூக்கை வைத்து, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டை இப்பிடி மோந்து பாக்கிறது நாய்தான்."

"உனக்கு விளங்காது. இது படிப்பு."

நாலு நாளாக இந்தப் படிப்பு நடக்கிறது. திங்கட்கிழமை கறி, செவ்வாய் சம்பல், புதன் சுண்டல். இடையிடையே பச்சையாக வெட்டிய துண்டுகளை சாரத்து மடிப்பில் ஒளித்துக்கொண்டு போய், கிணற்றடியில் நின்று மென்றார்.

எல்லாவற்றுக்கும் காரணம் கதிர்காமன். சுந்தரம்மாவின் சித்தப்பா மகன், கோணாமலைக்கு மச்சான் முறை. கப்பல் குசினியில் சமையல் வேலை. லீவில் கல்முனைக்கு வந்தவன் பெட்டிக்குள் மூன்று போத்தல் ஸ்கொச் விஸ்கி கொண்டுவந்துவிட்டான். கப்பல் இஞ்சினியர் வெள்ளைக்காரன் அன்பளிப்பாகக் கொடுத்ததாம். எழுபத்தொன்பதாம் ஆண்டில் எங்கள் பக்கத்தில் ஸ்கொச் என்றால் கேள்விப்பட்டவர்கள் உண்டு, கண்டவர்கள் குறைவு.

கோணாமலை நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் 'மூக்கர்'. பதினைந்து வருடமாக, கலியாண வீடானாலும் சரி கந்தோர் பிரியாவிடையானாலும் சரி, எந்தப் போத்தலின் மூடி திறந்தாலும் முதலில் அவர் மூக்குக்குத்தான் போகும். "இது நல்ல தென்னஞ் சாராயம்," "இதில ஆரோ கள்ளக் கசிப்புக் கலந்திருக்கான்" என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கிளாசைத் தொடுவார்கள். அவருக்கு அரசாங்கம் கொடுத்த உத்தியோகத்தைவிட ஊர் கொடுத்த இந்த உத்தியோகம் பெரிது.

அதற்குத்தான் கதிர்காமன் ஆப்பு வைத்தான். போன ஞாயிறு, சலூனில், எல்லோருக்கும் முன்னால்.

"மூண்டும் ஒரே விஸ்கி எண்டு நினைச்சிராதீங்க. ஒண்டில பீட் இல்ல. ரெண்டில கொஞ்சம். மூண்டில அள்ளிப் போட்டிருக்கு. நாக்குத் தெரிஞ்சவனுக்குத்தான் வித்தியாசம் விளங்கும். வாற ஞாயிறு பகல் எல்லாரும் வாங்க, குடிச்சுப் பாப்பம்." பிறகு கோணாமலையைப் பார்த்தான். "உனக்குப் பீட் தெரியும்தானே மச்சான்?"

சவரம் பாதியில் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியாமலென்ன? சின்னனில இருந்தே தெரியும்!"

கதிர்காமன் அவசர வேலை இருக்கிறதென்று எழும்பிப் போனான்.

ஸ்கொட்லாந்தில் சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். அந்தப் புகையில் விஸ்கிக்கான பார்லியை வாட்டுவார்கள். அந்த மண்ணுக்குத்தான் பீட் என்று பெயர். பாவம், கோணாமலைக்குத் தெரிந்த பீட் நுவரெலியாவில் இருந்து லொறியில் வரும் பீட்ரூட் ஒன்றுதான். கிழங்கில் இருந்து சாராயம் காய்ச்சுகிற வெள்ளைக்காரனின் மூளையை வியந்துகொண்டு, அவர் நேரே சந்தைக்குப் போனார்.

மரக்கறிக் கடை முகைதீன்பாவா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பீட்ரூட்டா கிளாக்கர்? இப்பதான் ஒரு ஆள் பாதி மூடையத் தூக்கிட்டுப் போறார். இந்தக் கிழமை பீட்ரூட்டுக்கு நல்ல காலம் போல."

"நான் வாங்கினன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க காக்கா."

"அல்லாஹ்வே! பீட்ரூட்டுக்கு என்ன ரகசியம்? சரி, சொல்லமாட்டன்."

படிப்பு நன்றாகத்தான் போனது, வெள்ளிக்கிழமை காலை வரை. அன்று கக்கூசுக்குப் போன கோணாமலை, போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வெளியே ஓடிவந்தார். மூத்திரமெல்லாம் சிவப்பு.

டிஸ்பென்சர் ஸைனுலாப்தீன் நாடி பிடித்தார். "என்ன சாப்பிட்டீங்க?"

உண்மையைச் சொன்னால் பின்னேரத்துக்குள் சலூனுக்குப் போய்விடும். "சோறும் மீனும்தான்."

"வேற ஒண்டுமில்லயா? சிவப்பா ஏதும்?"

"இல்ல."

"அப்ப கிட்னியாத்தான் இரிக்கும். உப்பு, உறைப்பு ஒண்டும் வேணாம். திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. குடிக்கவே படாது!"

சுந்தரம்மா வேலிக்கு மேலால் அழுதாள். அரை மணித்தியாலத்தில் தெரு முழுக்க மூக்கருக்கு வருத்தம் என்று பரவியது. ஒரு மணித்தியாலத்தில் கதிர்காமனே வந்துவிட்டான், கையில் ஹோர்லிக்ஸ் போத்தலோடு. நாக்கும் உதடும் சிவந்திருந்தன. கப்பலுக்குப் போய் வெற்றிலையும் பழகிவிட்டான், பெரிய மனுசன், என்று கோணாமலை வயிறெரிந்தார்.

"நீ ஞாயித்துக்கிழமை வராத மச்சான்," என்றான் கதிர்காமன் மிகுந்த பரிவோடு. "உடம்புதான் முக்கியம். எங்கட ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்திறன்."

அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்ததும் கோணாமலை பாயிலிருந்து எழும்பிவிட்டார். "ஆருக்கு வருத்தம்? கட்டாயம் வருவன்!"

கதிர்காமனின் முகம் கறுத்தது. அவன் போனதும் டிஸ்பென்சர் கொடுத்த மருந்தைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிட்டு, கோணாமலை இன்னும் இரண்டு பீட்ரூட்டைப் பச்சையாகத் தின்றார்.

ஞாயிறு பகல் கதிர்காமன் வளவில், மாமரத்துக்குக் கீழே ஆறு பேர் கூடியிருந்தார்கள். அவன் பெண்சாதி வல்லியம்மை உள்ளே வைத்து ஊற்றி, ஒவ்வொரு கிளாசுக்கும் அடியில் இலக்கம் ஒட்டி, இடம் மாற்றித் தட்டத்தில் கொண்டுவந்தாள். எது எதுவென்று அவன்கூடப் பார்க்கவில்லை.

"மூக்கர் முதல்ல!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

முதல் கிளாசில் தேனும் பழுத்த பழமும் மணத்தன. இரண்டாவதில் விறகடுப்படிப் புகை. மூன்றாவதை மூக்கருகில் கொண்டுபோனதும் கோணாமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரி வார்ட், கடற்பாசி, எரிந்த தென்னமட்டை எல்லாம் சேர்ந்து முகத்தில் அடித்தன. பீட்ரூட்டை மட்டும் எங்கும் காணவில்லை!

ஒரு கிழமை பீட்ரூட் தின்று மூக்கே செத்துவிட்டதோ? மறுபடி மோந்தார். ஒரு மிடறு குடித்தார். புகைக்கு அடியில், எங்கோ, கழுவாத பீட்ரூட்டில் ஒட்டியிருக்கும் மண்ணின் வாசம் மெல்ல வந்தது. போதும்.

"இதுதான்!" மூன்றாவது கிளாசை உயர்த்தினார். "இதிலதான் பீட் கூட. நல்ல முத்தின பீட்ரூட். மண்ணோட போட்டு அவிச்சிருக்கானுகள்."

எல்லோரும் கதிர்காமனைப் பார்த்தார்கள். கதிர்காமன் அந்தக் கிளாசை வாங்கி, மோந்து, கண்ணை மூடி ஒரு வாய் உறிஞ்சினான். பிறகு அடியைத் திருப்பிப் பார்த்தான். மூன்று.

"சரிதான்," என்றான். "நானும் அதைத்தான் சொல்ல இருந்தனான்."

கைதட்டல் எழுந்தது. மூக்கர் மூக்கர்தான் என்றார்கள். ஆனால் கோணாமலைக்கு மிச்ச விஸ்கி இறங்கவில்லை. தான் ஏழு நாள் தவம் கிடந்து, கிட்னி வரைக்கும் போய்த் திரும்பிக் கண்டுபிடித்ததை, இவன் ஒரே மிடறில் கண்டுபிடித்துவிட்டானே! ஒரு பயிற்சியும் இல்லாமல், பிறவியிலேயே வந்த நாக்கு. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது. ஒரு கிழமை கழித்து கதிர்காமன் கப்பலேறப் போன பிறகும் அந்த எரிச்சல் ஆறவில்லை.

அவன் போன அடுத்த நாள் கத்தரிக்காய் வாங்கப் போனபோது முகைதீன்பாவா விசாரித்தார். "என்ன கிளாக்கர், முகம் சரியில்ல?"

"கதிர்காமனை நினைச்சன் காக்கா. என்ன நாக்கு அவனுக்கு! படிக்காமலே எல்லாம் தெரியுது."

முகைதீன்பாவா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆள் போயிட்டார்தானே, இனிச் சொன்னாக் குத்தமில்ல. அண்டைக்குப் பாதி மூட பீட்ரூட்டத் தூக்கிட்டுப் போனது அவர்தான். 'கோணாமலைக்குச் சின்னனில இருந்தே பீட் தெரியுமாம் காக்கா, எனக்கு இஞ்சினியர் சொன்னதத் தவிர ஒரு மண்ணும் தெரியா, ஞாயித்துக்கிழமைக்குள்ள எப்பிடியாவது பழகோணும்' எண்டு அழாக் குறையாச் சொன்னார்!"