அம்பாளுக்கு முன்னாலை வந்து விழுந்த குறிப்பு

நீர்வேலி தெற்கு,
ஐப்பசி 2.

பாசமுள்ள தம்பி கோபிசங்கருக்கு,

உன்னுடைய மூத்த அக்கா இராசமலர் நீர்வேலியில் இருந்து எழுதும் கடிதம். நாங்கள் இவ்விடம் சுகம் என்று எழுதுவதுதான் முறை என்றபடியால் சுகம் என்று எழுதுகிறேன். நீயும் கேதீஸ்வரியும் பிள்ளைகளும் அவ்விடம் குளிரில் விறைக்காமல் இருக்கவேண்டும் என்றும், போனமுறை வந்தபோது உன் தலையில் மிச்சமிருந்த மயிராவது இன்னும் மிச்சமிருக்கவேண்டும் என்றும் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். அஞ்சாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் இப்ப ஏன் பேனையைத் தூக்கினவள் எண்டு நீ யோசிப்பாய். போனிலை சொல்ல வெளிக்கிட்டால் எனக்கு அழுகை வருகுது, நான் அழுதால் நீ "அக்கா, நெற்வேக் சரியில்லை, சத்தம் விட்டு விட்டு வருகுது" எண்டு வச்சிடுறாய். அதுதான் எழுதுறன். பிழை இருந்தால் திருத்தாமல் வாசி.

விசயம் என்னெண்டால், நீ ஆவணியிலை வந்து பூட்டித் தந்த அந்தப் பிறின்ரர். நோர்வேயிலை மீன் பைக்கற் பண்ணுற உன்னை ஆர் எஞ்சினியர் ஆக்கினது எண்டு எனக்கு இண்டுவரைக்கும் விளங்கேல்லை, கண்ணாடி போட்டிருக்கிறாய் எண்டு நாங்களும் நம்பிப்போட்டம். "ஒரு வளவு, ரெண்டு வீடு, ஒரு பிறின்ரர் காணும் அக்கா, வயர் ஒண்டும் தேவையில்லை, வைபையிலை ரெண்டு வீட்டாரும் பாவிக்கலாம்" எண்டாய். கதிரைக்கு மேலை ஏறிச் சுவரோடை பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிண்டு, பத்மாசினி மச்சாள் வீட்டுக்கும் சிக்னல் போகவேணும் எண்டு ஒரு சின்னப் பெட்டியும் பூட்டினாய். "அத்தாரின்ரை தமக்கையைச் சும்மா விடேலுமே" எண்டு ஒரு நியாயம் வேறை. தம்பி, கிணத்தையும்தான் ரெண்டு வீட்டாரும் பாவிக்கிறம், இதுவரைக்கும் ஒரு சண்டை இல்லை. ஏனெண்டால் ஆர் என்னத்துக்குத் தண்ணி அள்ளினது எண்டு கிணறு தாளிலை அடிச்சுக் காட்டுறேல்லை.

உன்ரை பிறின்ரர் காட்டுது. மச்சாள் பென்சன் எடுத்த ரீச்சர் எண்டாலும் ரியூசனை விடேல்லை எண்டு உனக்குத் தெரியும். அவ தன்ரை வீட்டிலை இருந்து சோதினைப் பேப்பரை அடிக்கப் போனிலை அமத்த, அது சோதினைக்கு முதல்நாளே எங்கடை வீட்டுக் கோலுக்கை பிரிஜ்ஜுக்குப் பக்கத்திலை வந்து விழும். ரியூசன் பிள்ளையளின்ரை தாய்மார் மாறி மாறி "மலரக்கா, சுகமோ" எண்டு வரத் தொடங்கிச்சினம், கண் முழுக்கப் பிரிஜ் பக்கம். அந்தத் தவணை எல்லாப் பிள்ளையும் தொண்ணூறுக்கு மேலை. மச்சாள் தன்ரை படிப்பிப்பு எண்டு பெருமைப்பட்டா, நானும் ஓம் எண்டன். பேந்து ஒருநாள் அவ கோயில் லவுட்ஸ்பீக்கர் காது கிழியக் கத்துது எண்டு சபைத் தலைவரைக் கிழிச்சு ஒரு கடிதம் அடிச்சா. இஞ்சை வந்து விழுந்ததை உன்ரை அத்தார் கோயில் நோட்டீஸ் எண்டு நினைச்சு, வாசிச்சும் பாராமல், கொண்டுபோய்க் கோயில் சுவரிலை பசை பூசி ஒட்டிப்போட்டு வந்தார். வடிவா நாலு மூலையும் தடவி ஒட்டினனான் எண்டு சொல்லித் தேத்தண்ணியும் கேட்டுக் குடிச்சார்.

இதெல்லாம் சிரிச்சுப்போட்டு விடக்கூடிய விசயம். இப்ப நடந்தது அப்பிடியில்லை. என்ரை மகள், உன்ரை மருமோள் சாருஜாவுக்கு வாற தையோடை முப்பத்திரண்டு. எட்டிலை செவ்வாய் எண்டு சம்பந்தம் ஒண்டும் அமையாமல் இழுபட்டு, அமைஞ்ச ரெண்டும் பாதியிலை நிண்டது உனக்குத் தெரியும். ரெண்டையும் நிப்பாட்டினது வேறை ஆருமில்லை, மச்சாள்தான். கெட்ட மனிசி இல்லை, ஆனால் ஆர் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிப்போடுவா. முதல் வந்த மாப்பிளைப் பகுதிக்குச் செவ்வாய்க் கதையை நாங்கள் சொல்லமுன்னம் தான் சொன்னா. ரெண்டாவது பகுதி விசாரிக்க, "என்னட்டைப் படிச்ச பிள்ளைதான், கணக்கிலை கொஞ்சம் மந்தம், கோவம் கூட" எண்டா. நான் போய்க் கேட்டதுக்கு, "மலர், நான் உள்ளதைத்தானே சொன்னனான்" எண்டு கண்ணைக் கூட வெட்டாமல் நிக்கிறா. அதாலை இந்தமுறை புறோக்கர் முத்துக்குமாரு கொடிகாமத்திலை ஒரு பெடியனைக் கொண்டுவந்த உடனை, வீட்டுக்கை நாங்கள் மூண்டு பேரும் வாயைத் தைச்சுக்கொண்டம். செந்தூரன் எண்டு பேர், நில அளவையிலை வேலை, பெடியனுக்கும் செவ்வாய். செவ்வாய்க்குச் செவ்வாய், தம்பி! இப்பிடி ஒண்டு இனிக் கிடைக்காது. மிச்சப் பொருத்தமும் சரியெண்டால் கலியாண எழுத்துக்கு நாள் வைக்கிறதுதான்.

பொருத்தம் பாக்கிற புத்தூர்ச் சாத்திரியார் சாதகக் குறிப்பைப் போனிலை காட்டினால் பாக்கமாட்டார். "கண்ணாடிக்குள்ளை இருக்கிற கிரகத்தை நான் எண்ணமாட்டன், தாளிலை கொண்டுவா" எண்டிட்டார். சந்தியிலை கிறகோரியின்ரை கடையிலை அடிக்கலாம், கிறகோரி நல்ல மனிசன், ஆனால் அடிக்கிறதை வாய்விட்டு வாசிக்காமல் அவனாலை ஒரு தாள் அடிக்கேலாது. அதுதான் வீட்டிலை கமுக்கமா அடிப்பம் எண்டு நானும் சாருஜாவும் முடிவெடுத்தம், சரசுவதி பூசை அண்டு பின்னேரம், சனமெல்லாம் பூசைக்குப் போனாப் பிறகு. நாள் பாத்தது நான். என்ரை தலையிலை நானே மண் அள்ளிப் போட்டது இப்பிடித்தான்.

பூசைக்கு வழக்கம்போலை மச்சாள் வீட்டிலைதான் கும்பம், ரெண்டு வீட்டுப் புத்தகமும் தொழில் சாமானும் அங்கைதான் போய் அடுக்குறது. உன்ரை அத்தார் வாழைக்குலை வெட்டுற கத்தி, மண்வெட்டி, தண்ணி இறைக்கிற மெசின் எல்லாம் கழுவிக் கொண்டுபோய் வச்சதை நான் கண்டனான். பின்னேரம் பிறின்ரரையும் தூக்கிக்கொண்டு போனதைக் காணேல்லை, நான் குசினிக்கை பூசைக்குக் கௌபிப் பயறு அவிச்சுக்கொண்டு நிக்கிறன். கொண்டுபோனதுமில்லாமல் பிளக்கிலை குத்தி ஓன் பண்ணியும் விட்டிருக்கிறார், ஏனெண்டால் நீ போகேக்கை "ஓஃப் பண்ணிப்போடாதேங்கோ அத்தார், மை காய்ஞ்சு போகும்" எண்டு சொல்லிப்போட்டுப் போனனீ. மச்சாள் அதுக்குச் சந்தனமும் குங்குமமும் வச்சு, செவ்வரத்தம்பூ ஒண்டும் செருகி, கும்பத்துக்கு வலப்பக்கம் இருத்தினவவாம்.

ஆறு மணிக்கு, "அம்மா, இதுதான் நேரம்" எண்டு சாருஜா போனிலை அமத்தினாள். ரெண்டு குறிப்பும், பெடியனின்ரை படம் ஒண்டும், மூண்டு தாள். நான் அடுப்படியிலை நிண்டு காதைக் குடுத்துக் கேக்கிறன், கோலுக்கை அந்தக் கிறீச் சத்தம் இல்லை. "அமத்தினியே?" "அமத்திட்டன்." "வடிவா அமத்தினியே?" "ஓமம்மா." உவளுக்கு விரலிலை பலமில்லை எண்டு போனை வாங்கி நான் அமத்தினன். சத்தமில்லை. ஈரக்கை எண்டு சீலையிலை துடைச்சுப்போட்டு அமத்தினன். சத்தமில்லை. கௌபி அடிப்பிடிக்கும் எண்டு அடுப்பை விட்டு அசையவும் ஏலாது, வந்த கோவத்துக்குக் கதவுமணி மாதிரி அமத்தி அமத்தி எல்லாமா ஒரு பத்துத் தரம் அமத்தியிருப்பன். கடைசியிலை கோலுக்கை போய்ப் பாத்தால் பிரிஜ்ஜுக்குப் பக்கத்திலை மேசை மொட்டையா நிக்குது. அந்த நேரம் பாத்து மச்சாள் வீட்டிலை மணிச் சத்தம் கேக்குது. தீபம் காட்டுற நேரம் இன்னும் ஆகேல்லை, தம்பி.

அங்கை நடந்ததை உன்ரை அத்தார்தான் பேந்து சொன்னவர். தேவாரம் படிச்சுக்கொண்டிருக்கேக்கை, ஒருத்தரும் தொடாமல், கும்பத்தடியிலை அந்த மெசின் உறுமத் தொடங்கிச்சுதாம். முதல் வந்தது பெடியனின்ரை படம். முதல்லை தலைமயிர் வந்ததாம், பேந்து நெத்தி வந்ததாம், பேந்து கண்ணாடி, பேந்து மீசை, ஆரெண்டு தெரியுமட்டும் எல்லாரும் எட்டி எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டவையாம். சிரிச்ச முகத்தோடை செந்தூரன் அம்பாளின்ரை காலடியிலை வந்து விழ, அவனுக்கு மேலை அவன்ரை குறிப்பு விழ, அதுக்கு மேலை எங்கடை பிள்ளையின்ரை குறிப்பு பேரோடை விழ, மச்சாள் எழும்பி, "அம்பாள் தன்ரை கையாலை எடுத்துத் தாறா!" எண்டு குளறி மணியை அடிச்சுப் பிறின்ரருக்குக் கற்பூரம் காட்டினவ. அதோடை நிண்டுதே? நான் இஞ்சை நிண்டு அமத்த அமத்த அங்கை வந்துகொண்டே இருக்குது. அத்தார் குறிப்பைக் கண்டதும் வாழைக்குலைக்குப் பின்னாலை போய் ஒளிஞ்சிட்டார். நான் கௌபிச் சட்டியோடை ஓடிப்போய் வாசல்லை நிக்க, பதினோராவது செந்தூரன் வந்து விழுகிறான். எல்லாத்தையும் பிரசாதம் எண்டு வீட்டுக்கு ஒரு செற்றாக் குடுத்தாச்சு. ஒரு மனிசி நான் போட்ட கௌபியை மாப்பிளையின்ரை முகத்திலை சுத்திக்கொண்டு போறா, அதைப் பறிக்கவும் எனக்குக் கை வரேல்லை.

அடுத்தநாள் விடியத் தொடக்கம் பதினொரு வீட்டாரும் கொடிகாமத்துக்குப் போன் எடுத்து விசாரிச்சிருக்கினம். மச்சாள் எப்பிடியோ பெடியனின்ரை பெரியம்மாவைத் தேடிப் பிடிச்சு ஒரு மணித்தியாலம் கதைச்சிருக்கிறா. என்ன கதைச்சனீங்கள் எண்டு கேட்டன். "உள்ளதைத்தான்" எண்டா. முத்துக்குமாரு வந்து கெல்மெற்றைக் கூடக் கழட்டேல்லை, "தங்கச்சி, முப்பது வருசமா நான் வாயைப் பொத்திக்கொண்டு செய்யிற தொழில் இது, நீங்கள் ஒரு மெசினை வச்சு ஊருக்குப் பிரசாதமாக் குடுத்திட்டியளே" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பினவர்தான். ஆறு நாளாச்சு, ஒரு கதையும் இல்லை. அத்தார் தோட்டத்தை விட்டு வீட்டை வாறேல்லை. சாருஜா அறைக்கை இருக்கிறாள், சாப்பாடு மட்டும் குறையேல்லை, அது ஒண்டுதான் ஆறுதல். மூண்டாவதும் போச்சுதெண்டால் இனி ஒருத்தன் இந்தப் படலையைத் திறக்கமாட்டான், தம்பி. எல்லாரையும் பகிடி பண்ணித் திரியிற நான், இண்டைக்கு என்னைப் பாத்து நானே பகிடி பண்ண ஏலாமல் இருக்கிறன். நீ அங்கை இருந்துகொண்டே அந்தச் சனியனை நிப்பாட்டலாம் எண்டு சொன்னனீ. நிப்பாட்டு. பெட்டியைக் கழட்டச் சொல்லு, பிறின்ரரைத் திருப்பி எடு, உனக்குப் புண்ணியமாப் போகும்.

உனக்கும் கேதீஸ்வரிக்கும் பிள்ளையளுக்கும் ஒரு நோய் நொடி அண்டாமல் இருக்க ஆசீர்வாதம். அம்பாளிட்டை வேண்டிக்கொள்ளுறன் எண்டு எழுதத்தான் வெளிக்கிட்டனான், இப்ப அவவிட்டை எதையும் கேக்கப் பயமாக் கிடக்கு, கேட்டால் பதினொரு கொப்பி தாறா.

இப்படிக்கு,
மனம் உடைஞ்ச அக்கா,
தே. இராசமலர்.

பி.கு: கடிதத்தை மடிச்சு ஒட்டப்போக முத்துக்குமாரு மோட்டச்சைக்கிளிலை வந்து இறங்கினார், இந்தமுறை கெல்மெற்றைக் கழட்டிப்போட்டுச் சிரிக்கிறார். வாற புதன்கிழமை கொடிகாமத்தார் பொம்பிளை பாக்க வருகினம்! பதினொரு பேர் விசாரிச்சும் ஒருத்தரும் ஒரு குறை சொல்லேல்லையாம், அம்பாள் குடுத்த சம்பந்தத்திலை வாய் வைக்க ஆருக்குத் துணிவு? மச்சாள் பெரியம்மாவிட்டை, "நான் என்ரை கண்ணாலை கண்டனான், இது அம்பாள் எடுத்துத் தந்த குறிப்பு, துணிவிருந்தால் மாட்டம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" எண்டு ரீச்சர்க் குரலிலை கேட்டவவாம். நான் ஓடிப்போய்ச் சாருஜாவைக் கட்டிப்பிடிச்சு, "எல்லாம் அம்பாள் செயல், பிள்ளை" எண்டன். அவள் சிரிக்கிறாள். "அம்பாள் எங்கையம்மா, பிறின்ரரைத் தூக்கேக்கை அப்பாவுக்கு மற்றப் பக்கம் பிடிச்சது நான்தானே" எண்டாள். "ஏனடி அப்பிடிச் செய்தனீ" எண்டு கத்தினன். "ஒளிச்சு வச்சால்தான் பத்மாசினி மாமி தோண்டி எடுக்கிறா. இந்தமுறை அவவின்ரை கையிலையே குடுப்பம் எண்டு யோசிச்சன். நான் அமத்தினது ஒருக்காத்தான், மற்றப் பத்தும் உங்கடை விரல்" எண்டாள்.

ஆனபடியால் தம்பி, மேலை எழுதின ஒண்டையும் செய்யாதை, பிறின்ரரிலை கை வையாதை. இந்த விசயம் தாலி கட்டுமட்டும் மச்சாளின்ரை காதுக்குப் போகக்கூடாது. கொடிகாமத்தார் இன்னும் அவவிட்டை விசாரிப்பினம், அவ உள்ளதைத்தான் சொல்லுவா. அதாலை அவவுக்கு உள்ளது தெரியக்கூடாது.