மீதி சாம்பிள்

சோதனைத் தட்டு நிறையக் கறுப்புப் புள்ளிகள். சத்யநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். புள்ளி ஒன்றுகூடக் குறையவில்லை.

"ரோகிணி, இது எந்தத் தட்டு?"

"திங்கக்கிழமை வந்த கல்லுமக்காய் சார்." உதவியாளர் ரோகிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன் சார்?"

"சால்மொனெல்லா. பேதிக் கிருமி."

"நம்ம கல்லுமக்காயிலயா? சும்மா இருங்க சார்!"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வலியகடவுப் பாலத்தடியில், ஆறு கடலில் சேரும் இடத்தில் விளைந்து சந்தைக்கு வரும் கல்லுமக்காய்ச் சிப்பியை வாராவாரம் சோதித்துச் சான்று கொடுப்பதுதான் அந்தச் சின்ன ஆய்வகத்தின் பிழைப்பு. ஆறு வருஷமாக ஒரு தட்டில்கூடக் கிருமி கண்டதில்லை. படிவத்தில் 'இல்லை' என்று முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். சத்யநாதன் கையெழுத்து மட்டும் போடுவார்.

கிருமி கண்டால், குளிர்பெட்டியில் வைத்திருக்கும் மீதி சாம்பிளை எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும் என்பது விதி. குளிர்பெட்டியில் ரோகிணியின் தோசைமாவுதான் இருந்தது.

மீதி சாம்பிள் போன இடம் அந்த ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். சோதனைக்கு ஒரு கைப்பிடி போதும். வருவதோ இரண்டு கிலோ. முடிவு தெரிய வியாழக்கிழமை ஆகும். அதுவரை யார் காத்திருப்பது? திங்கள் மத்தியானமே ரோகிணி மிளகைத் தட்டிப்போட்டு வறுத்துவிடுவாள். ரொம்ப நேரம் வறுத்தால் ரப்பராகிவிடும் என்று, ஓடு வாய் திறந்ததுமே இறக்கிவிடுவாள்.

"திவாகரன் எங்கே?"

"கிளார்க் சார் ஒம்பது மணிக்குக் கழிப்பறைக்குள்ள போனவர்தான். எப்ப வெளிய வருவாருன்னுதான் நானும் தவம் கிடக்கிறேன்."

சத்யநாதனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை தன் பங்கை அவர் தொடவில்லை. டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். ஏழு மாசக் கர்ப்பிணியாகப் பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் பிரஜிஷா ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாள்.

வீட்டுக்குப் போன் போட்டார். "பிள்ளை எப்படி இருக்கா?"

"இன்னும் எழுந்திருக்கல. தூங்கட்டும்," என்றாள் மனைவி வத்ஸலா.

தூங்குகிறாள் என்றால் நல்லதுதானே என்று அவர் தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டார். சாம்பிளைத் தின்றது தெரிந்தால் வேலை போய்விடும். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம்தான். சந்தையில் இரண்டு கிலோ வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் போயிற்று.

சந்தையில் சிப்பி விற்கும் ஆயிஷும்மா அவரைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

"பாருங்கப்பா, பாருங்க! கிருமி பார்க்கிற சாரே நம்மகிட்ட வாங்க வந்துட்டாரு! இதுக்கு மேல என்னய்யா சான்று வேணும்?"

"மெதுவாப் பேசும்மா..."

"எதுக்கு சார் மெதுவா?"

சுற்றி நின்ற கூட்டம் குவியலின்மேல் விழுந்தது. சத்யநாதன் தமக்கு இரண்டு கிலோவைப் பையில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார். பத்து நிமிஷத்தில் கூடை காலி. ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று கிலோ அள்ளிப்போனாள். அந்தக் குழந்தையின் முகத்தை அவர் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

அப்போது போன் அடித்தது.

"பிள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது! ஒரே வாந்தி!" வத்ஸலா அழுதாள். "நேத்து அந்த நாணு பாயசம் கொண்டாந்தானே, அதுதான். அந்தப் பாழுங்கிணத்துத் தண்ணியிலதான் வெச்சிருக்கான்!"

நாணு அடுத்த வீட்டுச் சமையல்காரர். போன வருஷம் அவர் சமைத்த கல்யாணத்தில் நாற்பது பேர் படுத்தார்கள், மூன்று பேர் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி நாணுவின் மனைவி ஜானு. விருந்தில் கல்லுமக்காயும் இருந்தது. ஆனால் சத்யநாதனின் சான்று அதைச் சுத்தம் என்றது. ஆகவே பழி நாணுவின் கிணற்றின்மேல் விழுந்தது. கிணற்றைத் தொடக்கூடாது என்று பலகை வைத்தார்கள். பெண்டாட்டியைக் கொன்றவன் என்று ஊர் அவரைச் சமையலுக்குக் கூப்பிடுவதையே விட்டுவிட்டது. நேற்று ஜானுவின் வருஷ திதி. அவளுக்குச் செல்லமான பிரஜிஷாவுக்கென்று ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"அதுதானே? பாயசந்தானே?" என்றாள் வத்ஸலா.

"இருக்கும்," என்றார் சத்யநாதன்.

அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு வத்ஸலா தெருவில் இறங்கி நாணுவைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டாள். மனுஷன் ஓடிப்போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தாராம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரெமா கேட்டார். "என்ன சாப்பிட்டா?"

"பாயசம்," என்றாள் வத்ஸலா.

டாக்டர் சத்யநாதனைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். பால் கெட்டுப்போயிருக்கும், தண்ணீர்ச்சத்து ஏற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லி டாக்டர் பாட்டிலை மாட்டினார். மத்தியானத்துக்குள் காய்ச்சல் நூற்று நாலைத் தொட்டது. மூன்று மணிக்குப் பிரஜிஷா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"பிரசவ வலி வந்துடுச்சு," டாக்டரின் குரல் மாறியிருந்தது. "ஏழு மாசத்துல வெளிய வந்தா குழந்தை தாங்காது. பாயசத்துக்கு இவ்வளவு காய்ச்சல் ஏறாதே சார். வேற எதாவது சாப்பிட்டாளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

உள்ளேயிருந்து மகள் "அப்பா!" என்று கூப்பிட்டாள்.

"கல்லுமக்காய்," என்றார். "ஆபீஸ் சாம்பிள். நான்தான் கொண்டாந்து குடுத்தேன். சால்மொனெல்லா. காலையிலயே எனக்குத் தெரியும்."

வத்ஸலா அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். டாக்டருக்குத் திட்டக்கூட நேரமில்லை.

"ஓடுங்க சார்! அந்தத் தட்டைக் கொண்டு வாங்க. எந்த மருந்துக்கு அடங்கும்னு பார்க்கணும். அதுக்குள்ள நான் ஊசியை ஆரம்பிக்கிறேன்."

ஓடினார். தட்டை எடுத்தார். எடுத்த கையோடு படிவத்தில் 'இல்லை'யை அடித்து, 'உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீதி சாம்பிள் என்ன ஆயிற்று என்ற இடத்தில் 'தின்றுவிட்டோம்' என்று எழுதினார். நாலு மணிக்குச் சந்தையில் சிப்பி விற்பனைக்குத் தடை விழுந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று, வாங்கினதைக் கொட்டிவிடுங்கள் என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போயிற்று.

அந்தி சாயும்போது டாக்டர் வெளியே வந்தார். "வலி நின்னுடுச்சு. குழந்தையோட துடிப்பு நல்லா இருக்கு. தப்பிச்சீங்க."

சத்யநாதன் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வேலை போகட்டும். ஆறு வருஷத்தில் செய்தது ஒரே ஒரு தப்பு, அதையும் ஒப்புக்கொண்டாயிற்று என்று நினைத்தபோது நெஞ்சு லேசானது. ஒரு ஃபிளாஸ்க் நிறையக் கஞ்சியோடு நாணு வந்து நின்றார். "பிள்ளைக்கு... கடைத் தண்ணி வாங்கித்தான் வெச்சேன்," என்றார். வத்ஸலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாணு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அப்போதுதான் மொட்டைத் தலையும் பஞ்சாமிர்த டப்பாவுமாகக் குஞ்ஞம்பு ஓடிவந்தான். வாராவாரம் சாம்பிள் கொண்டுவந்து தருகிறவன். பழனிக்குப் போகிறேன் என்று ஒரு வாரம் லீவு போட்டிருந்தான்.

"என்னை மன்னிச்சிடுங்க சாரே! எனக்குப் பதிலா வந்த ஷைஜுகிட்ட விவரம் சொல்லாமப் போயிட்டேன். அந்த மடையன் நேரா பாலத்தடியில போயி எடுத்துட்டான்!"

"பாலத்தடியிலதானேடா எடுக்கணும்? நீயும் அங்கதானே எடுப்பே?"

"நானா?" குஞ்ஞம்பு நெஞ்சில் அறைந்துகொண்டான். "ஊர்ச் சாக்கடை மொத்தமும் வந்து விழுற இடம் சார் அது, நீங்கெல்லாம் ஆசையாத் திங்கிறதை அங்கேருந்து கொண்டுவர எனக்கு மனசு வருமா? ஆறு வருஷமா வெளிக்கடல் பாறையில முங்கி எடுத்ததைத்தானே உங்களுக்குக் குடுத்தேன்!"