புதுவாயல் வயரிங் போராட்டம்

“தப்பு பண்ணவன் வரணும். தப்பே பண்ணாத நான் எதுக்குப் போவணும்?”

ஜெயராஜ் இதை முழங்கியது காலை நாஷ்டா நேரத்தில். இடது கையில் மனைவி சுகிர்தாவின் செல்போன், வலது கையில் பூரி. வெறும் வயிற்றில் தொடங்கும் புரட்சி பாதியில் படுத்துவிடும் என்பது அவன் கட்சி. அதனால் நாலாவது பூரி.

போனில் வந்திருந்த செய்தி இதுதான். உங்கள் பைக்கின் ஹேண்டில் அருகே வயர்கள் இரும்பில் உரசித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. கும்மிடிப்பூண்டி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வந்தால் புது வயரிங் இலவசமாக மாற்றித் தரப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.

செய்தி சுகிர்தாவின் போனுக்கு ஏன் வந்தது என்றால், வண்டி அவள் பெயரில் இருந்தது. வாங்கும்போது ஜெயராஜின் ஆதாரில் அத்திப்பட்டு விலாசம். கல்யாணமாகிப் புதுவாயலில் குடியேறி ஒன்பது வருஷம் ஆகிறது, விலாசம் மாற்ற அய்யாவுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. எனவே பேப்பரில் அவள் ஓனர், சீட்டில் அவன் ஓனர். அவளைக் கியரில் கை, கால் வைக்க விட்டதே இல்லை. “கியர் வண்டி பொம்பளைங்களுக்குப் பேஜாரு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

“ஃப்ரீயாத்தான மாத்தித் தராங்க? ஒரு மணி நேர வேல. போய்க்கினு வந்துடுங்களேன்” என்றாள் சுகிர்தா.

“நான் யாரு?”

“ஜெபாவோட அப்பா.”

“அது ஊட்ல. கம்பெனில நான் யாரு?”

“எலக்ட்ரீஷியன்.”

“மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன்! பதினாலு வருஷ சர்வீஸ். நானூத்தி நாப்பது வோல்ட்டு என்னைப் பாத்தா ஒதுங்கிப் போவும். கேவலம் இந்தப் பன்னெண்டு வோல்ட்டுக்கு நான் டோக்கன் வாங்கிக்கினு லைன்ல நிக்கணுமா?”

“நிக்க வேணாம். சேர் போட்டுருக்காங்க.”

“குந்தவும் மாட்டேன்! அவன் மெக்கானிக்க அனுப்பட்டும். என் வண்டி இருக்கிற எடத்துக்கு வந்து, சாரி கேட்டு, மாத்திட்டுப் போவட்டும். அது வரைக்கும் வண்டி அந்தப் பக்கம் திரும்பாது!”

சுகிர்தா அஞ்சாவது பூரியை வைத்தாள். வாய் மூடட்டும் என்றுதான்.

ஜெயராஜுக்கு வேலை தேர்வாய் கண்டிகையில். புதுவாயல் கூட்ரோட்டில் மணவாளனின் ஸ்டாண்டில் பைக்கை விட்டுவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுவான். அந்த பஸ்ஸில் அவனைச் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கு அதே பைக், அதே நிறம். போன வருஷம் கம்பெனி வாசலிலேயே பந்தல் போட்டு விற்றார்கள், ஒருத்தன் வாங்கியதைப் பார்த்து ஒருத்தன் வாங்கினான். பன்னிரண்டு பேருக்கும் அதே செய்தி வந்திருந்தது. தலைவனுக்குத் தொண்டர்கள் தயாராக இருந்தார்கள்.

“ஒருத்தனும் சர்வீசுக்குப் போவக்கூடாது!” என்று டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று அறிவித்தான் ஜெயராஜ். “பைக் கம்பெனிக்காரன் புதுவாயலுக்கு வரணும். நாம கும்மிடிப்பூண்டிக்குப் போவக்கூடாது.”

“தீப்புடிக்கும்னு போட்டுருக்கான்ணே” என்றான் சரவணகுமார். பெயின்ட் பிரிவில் வேலை. எதிலும் சந்தேகம் உள்ளவன்.

“புடிச்சா கம்பெனி நமக்குப் பதில் சொல்லணும்!”

“நமக்கு எப்படிண்ணே சொல்லுவான்? நாமதான் இருக்க மாட்டோமே.”

இந்த மாதிரி கேள்விகளைத் தலைவர்கள் கவனிப்பதில்லை. சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றான். இடமில்லாமல் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் கையும் கணக்கில் சேர்ந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் சர்ச்சுக்குக் கிளம்பினார்கள். ஆறு வயசு ஜெபா முன்னால், டேங்க் மேல். சுகிர்தா பின்னால். மேம்பாலம் இறங்கும்போது ரப்பர் கருகுகிற வாடை வந்தது.

“இன்னாங்க, ஏதோ தீயற நாத்தம் வருது.”

“இது இன்னா ஊரு? ஒரு பக்கம் இரும்பு உருக்கறான், ஒரு பக்கம் டயர காய்ச்சறான். நாத்தம் வராத நாளு உண்டா இங்க?”

இந்தப் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேச முடியாத வாதம் இது. வீட்டில் குழம்பு அடிப்பிடித்தால்கூடச் சிப்காட் தொழிற்பேட்டையைக் கை காட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் சுகிர்தாவும் சிப்காட்டில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். நிமிர்ந்து புகைபோக்கிகளைப் பார்த்தாள். புகை எல்லாம் ஆந்திராப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வாடை மட்டும் இங்கே இருந்தது.

“அப்பா, கால் சுடுது” என்றாள் ஜெபா.

“வெயிலும்மா.”

“பாஸ்டரும் இதே வண்டிதான வச்சிருக்காரு? மெசேஜ் வந்த அன்னிக்கே சர்வீசுக்கு உட்டுட்டாராம்.”

“பாஸ்டருக்கு விசுவாசம் கம்மி” என்றான் ஜெயராஜ்.

சுகிர்தா முன்னால் எட்டி மோந்து பார்த்தாள். பிள்ளையின் இரண்டு முட்டிக்கும் நடுவிலிருந்துதான் அந்த வாடை வருகிறது. முதலில் பயம் வந்தது. பின்னாலேயே கோபம் வந்தது. பிரசங்கம் முழுக்க அவள் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் ஜெயராஜ் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டி முன்னால் உட்கார்ந்தான். ஹெட்லைட்டைக் கழற்றினான். உள்ளே இருந்த வயர்களைப் பார்த்து “இவ்ளோ எதுக்கு?” என்று கேட்டான். ஒரு மஞ்சள் டேப் சுருள் முழுவதையும் எடுத்துச் சுற்றினான், சுற்றினான், இன்னும் சுற்றினான். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஹாரனை அழுத்தினான். இண்டிகேட்டர் எரிந்தது. இண்டிகேட்டரைப் போட்டான். ஹாரன் அடித்தது. பிரேக்கைப் பிடித்தால் இரண்டும் வந்தன.

“பாத்தியா? எல்லாம் வேல செய்யுது” என்றான்.

“சரிங்க” என்றாள் சுகிர்தா.

மனைவி ஒரே தடவையில் ‘சரிங்க’ என்று சொன்னால் விவரம் உள்ள ஆண்பிள்ளைக்கு வியர்க்க வேண்டும். இவன் போய்க் கை கழுவிவிட்டுப் படுத்துத் தூங்கினான்.

இரண்டு நாள் இடதுபக்கம் திரும்பும்போதெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பினான். முன்னால் போகிறவர்கள் திட்டினார்கள். புதன்கிழமை டியூட்டி முடிந்து ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுத்தால், அதிசயம்! ஹாரன் ஹாரனாக அடித்தது. இண்டிகேட்டர் இண்டிகேட்டராக எரிந்தது. வாடை இல்லை, சூடு இல்லை. குனிந்து உற்றுப் பார்த்தான். அவன் சுற்றிய மஞ்சள் டேப் அப்படியே இருந்தது.

“வயரு செட் ஆவ மூணு நாள் எடுக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்!” என்று வீட்டில் வந்து சொன்னான்.

“உங்க கைராசி” என்றாள் சுகிர்தா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பைக் கம்பெனி என்ஜினியர்கள் எல்லாம் தன்னிடம் வந்து பாடம் படிக்க வேண்டும் என்றான். “எனக்கும் கொஞ்சம் டேப்பு சுத்தி உடுங்கண்ணே” என்று கேட்டவர்களை அடக்கினான். “நான் சுத்திட்டா அவன் தப்பிச்சுக்குவான். பொறுங்க. அவன் வருவான். வந்தே தீருவான்!” இப்படி மூன்று வாரம்.

நாலாவது சனிக்கிழமை மத்தியானம், முதல் ஷிப்ட் முடிந்து பஸ் கூட்ரோட்டில் நின்றது. ஸ்டாண்டு வாசலில் ஒரு வேன். மேலே ஒரு பேனர்: இலவச வயரிங் மாற்று முகாம். யூனிபாரம் போட்ட இரண்டு மெக்கானிக்குகள் ஸ்பானர்களைப் பரப்பிக்கொண்டு காத்திருந்தார்கள். தலைமை மெக்கானிக் பெயர் ராபின் என்று சட்டையில் எழுதியிருந்தது.

“வந்துட்டான்!” என்று அலறினான் ஜெயராஜ்.

பதினொரு பேரும் அவனைத் தூக்கினார்கள். ஸ்டாண்டுக்காரர் மணவாளன் எதிர்க்கடையில் ஒரு மாலை வாங்கி வந்து போட்டார். “நைனா, நீ சாதிச்சுட்ட நைனா!” ஜெயராஜ் ஒரு பெயின்ட் டிரம் மேல் ஏறினான். தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் போட்ட ஹாரனை மீறிப் பேசினான். தொழிலாளி கைகட்டிப் போகமாட்டான், முதலாளிதான் இறங்கி வரணும், இது ஆரம்பம்தான் என்றெல்லாம் பேசினான். சரவணகுமார் கண்ணில்கூடத் தண்ணீர். கடைசியாக ஜெயராஜ் இறங்கி, மாலையோடு தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் ராபின் முன்னால் நிறுத்தினான்.

“மொதல்ல இது. சாரி கேட்டுட்டு ஆரம்பி.”

“சாரி சார்” என்று தாராளமாகக் கேட்டுவிட்டு, ராபின் வண்டி நம்பரைப் போனில் தட்டினான். மறுபடியும் தட்டினான். “சார், இதுக்கு வேல முடிஞ்சிடுச்சே.”

“இன்னாது?”

“மூணு வாரம் ஆவுது சார். புதன்கெழம. நான்தான் மாத்துனேன். மேடம் ஸ்பேர் சாவி போட்டு ஸ்டாண்டுலேர்ந்து ஓட்டிக்கினு வந்தாங்க.”

“எந்த மேடம்?”

“சுகிர்தா மேடம். ஓனரு.”

ஜெயராஜ் மணவாளனைப் பார்த்தான். மணவாளன் மேம்பாலத்தைப் பார்த்தார்.

“அவளுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாதேய்யா!”

“அப்டியா சார்? பாலத்து மேல ஃபோர்த் கியர்ல வந்ததா சொன்னாங்க. உள்ள பாத்தா வயரு கருகிப்போய் இருந்துது சார். எவனோ வெவரம் இல்லாதவன் டேப்பு சுத்தி வச்சிருந்தான். புது வயரு போட்டதும் மேடம்தான், ‘மேல அந்த மஞ்ச டேப்ப பழையபடியே சுத்திடுங்க, ஊட்ல ஒருத்தரு மனசு கஷ்டப்படுவாரு’ன்னு சொன்னாங்க.”

ஜெயராஜ் கழுத்தில் மாலை அசைந்துகொண்டிருந்தது.

“போவட்டும்” என்று மாலையைச் சரிசெய்துகொண்டான். “நீங்க இங்க வந்ததுக்குக் காரணம் எங்க போராட்டம்தான?”

“அது எங்களுக்குத் தெரியாது சார். மேடம் அன்னிக்கே எங்க மேனேஜராண்ட எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. ‘இன்னும் பதினோரு வண்டி இருக்குது. இவங்க யாரும் வரமாட்டாங்க. நீங்க போனா காட்டுவாங்க’ன்னு. வாரா வாரம் போன் பண்ணாங்க. அதான் வந்தோம்.”

சரவணகுமார் மெதுவாக முன்னால் வந்தான்.

“அப்போ மூணு வாரமா நாங்க பதினோரு பேரு மட்டுந்தான் போராடிக்கினு இருந்தோமாண்ணே?”

தலைவன் வண்டியை எடுத்தான். அது ஒரு உதை வாங்காமல், ஒரு பட்டனில், கச்சிதமாக ஸ்டார்ட் ஆனது. அந்த நேரத்தில் அவனுக்கு அதைவிட அவமானம் வேறில்லை.

வீட்டில் சுகிர்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

“சொல்லிருந்தா உட்டுருப்பீங்களா?”

“உட்டுருக்க மாட்டேன்!”

“அதான் சொல்லல.” மடித்த துணியைக் கீழே வைத்தாள். “புள்ள முன்னாடி குந்திக்கினு கால் சுடுதுன்னுது. உங்களுக்கு வெயிலா தெரிஞ்சிது. எனக்கு ராத்திரிக்குத் தூக்கம் வரல. இன்னும் பத்து தபா இதேமாரி வந்தாலும் பத்து தபாவும் உங்களக் கேக்காமதான் எடுத்துக்கினு போவேன்.”

ஜெயராஜ் ஜெபாவைப் பார்த்தான். முட்டியில் சூட்டுக் காயம் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குள் ஏதோ ஒன்று இறங்கியது. ஆனாலும் கழுத்தில் இன்னும் மாலை இருந்தது. மாலை போட்டவன் சும்மா இருக்க முடியாது. நெஞ்சை நிமிர்த்தினான்.

“இருந்தாலும் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நான் அவனாண்ட போவல. அவன்தான் என்னாண்ட வந்தான். சாரி கேட்டான். போராட்டம் ஜெயிச்சிதா இல்லியா?”

“ஜெயிச்சிது, ஜெயிச்சிது. யாரு இல்லன்னது?” என்றாள் சுகிர்தா. “ரெண்டு நாளா ஃப்ரிட்ஜ்ல தண்ணி ஒழுவுது. அதுக்கும் ஒரு போராட்டம் ஆரம்பிச்சிடுங்க. புதன்கெழம எனக்கு லீவுதான்.”