வெற்றிலை பாக்கும் இரண்டு டெரியர்களும்

ரோசத்தை ஒரு மனுசன் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், நாய்க் கண்காட்சிக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாது. அங்கே அந்த வேலைக்கென்றே நாய்கள் இருக்கின்றன. இதை நான் ஜொகூர் பாரு திடலில், ஊரே பார்க்க, கோட்டு போட்டுக்கொண்டு கற்றுக்கொண்டேன். (கோட்டு இரவல்.)

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வருவதற்குச் சில வருசம் முந்தி நடந்தது. செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. மனைவி பவளம் தலைப்பிள்ளைக்கு மாசமாக இருந்தாள். குடியிருப்பு, தொழிலாளர் லயத்தில் ஓர் அறை. மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடுவோம். பச்சைப் பிள்ளையை இந்த ஒழுகலில் எங்கே போடுவது என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசுக்குப் பக்கத்தில் பலகை வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. சாவி துரையிடம் இருந்தது.

துரையிடம் ஒரு பாக்ஸ் டெரியர் நாயும் இருந்தது. பெயர் ரெக்ஸ். கண்காட்சி நெருங்கும்போது துரைக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. என்னைக் கூப்பிட்டார்.

"கிராணி, ரெக்ஸ் நீ புடிக்குது. ரெக்ஸ் கோப்பை வாங்குது, நீ வீடு வாங்குது."

(துரையின் வாய்த்தமிழ் அவ்வளவுதான். காது வேறு ரகம். லயத்துச் சண்டையில் ஒரு வசவு விடாமல் புரியும்.)

போட்டியில் கண்டம் ஒரே இடத்தில்தான் என்றார். ஜட்ஜ் இரண்டு டெரியர்களை நேருக்கு நேர் நிறுத்துவாராம். நெஞ்சு நிமிர வேண்டும், கழுத்து விறைக்க வேண்டும், நுனிக்காலில் நின்று முறைக்க வேண்டும். ஆனால் கடிக்கவும் கூடாது, பயந்து பின்வாங்கவும் கூடாது. அதை வைத்துத்தான் குணத்தைப் பார்ப்பார்களாம்.

பயிற்சிக்குத் துரை வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் ரெக்ஸை நிறுத்தினேன். ஆகா, என்ன முறைப்பு! தன்னையே தின்றுவிடும்போல நின்றது. காலையில் கண்ணாடி என் பொறுப்பு. சாயங்கால நடை பவளத்தின் பொறுப்பு.

"நடந்தா எனக்கும் நல்லதுன்னு மருத்துவச்சி சொன்னாங்க. நானே கூட்டிட்டுப் போறேங்க" என்று அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். அலமாக், அடேயப்பா, எவ்வளவு பொறுப்பான பெண் என்று பூரித்துப்போனேன்.

இந்த இடத்தில் என் மச்சானைச் சொல்லியாக வேண்டும். பவளத்தின் அண்ணன் பெருமாள், பக்கத்துத் தோட்டத்தில் கங்காணி. தன் மகள் காதுகுத்துக்கு அந்த ஆள் எனக்கு லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பினான். வெற்றிலை பாக்கு இல்லை, தட்டு இல்லை, நேரில் வந்து ஒரு வார்த்தை இல்லை. அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு லாரி டிரைவரா அழைப்பு? "இனிமே அந்த வாசப்படிய நீயும் மிதிக்கக் கூடாது" என்று பவளத்திடம் குதித்தேன். "சரிங்க" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னதும் நான் உசாராகி இருக்க வேண்டும். எனக்கு ஏது அந்தப் புத்தி?

கண்காட்சி நாளன்று ரெக்ஸை விட எனக்குத்தான் நாக்கு வெளியே தள்ளியது. கயிறு கட்டிய வளையத்துக்கு வெளியே துரை ஊன்றுகோலோடு நின்றார், சற்றுத் தள்ளிப் பவளம். சிங்கப்பூரிலிருந்து வந்த ஜட்ஜ் ரெக்ஸின் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், தலையாட்டினார். வீட்டுக் கதவு பாதி திறந்த மாதிரி இருந்தது. பிறகு ரெக்ஸையும் இன்னொரு டெரியரையும் முன்னால் வரச் சொன்னார்.

அந்த நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தது பெருமாள். (அவன் துரைக்கும் ஒரு டெரியர் உண்டு என்பது தெரியும். இந்த ஆளையா அனுப்புவார்கள்?) நான் வானத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். ரெக்ஸ் அந்த நாயைப் பார்த்தது.

பார்த்ததும் வால் ஆடியது. அதன் பெயர் டிம்மியாம். டிம்மி ரெக்ஸின் காதை நக்க, ரெக்ஸ் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

"டேய் ரெக்ஸ், எந்திரிடா!" வாரை இழுத்துப் பார்த்தேன். ஒழுகும் கூரைதான் கண்ணுக்குள் நின்றது. "என் நாய்க்கு என்னய்யா பண்ணுனே?"

"நான் என்ன பண்ணுனேன்? தெனம் சாயங்காலம் பவளத்தோட எங்க வீட்டுக்கு வந்து டிம்மி தட்டுல கருவாட்டுக் கொழம்புச் சோறு தின்னுட்டுப் போற நாயி, சண்டையா போடும்?"

திரும்பிப் பார்த்தேன். பவளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் பொண்டாட்டிய வரச் சொல்ல நீ யாருய்யா? வெத்தல பாக்கு வச்சிக் கூப்பிட்டியா?"

"தங்கச்சி அண்ணன் வீட்டுக்கு வர வெத்தல பாக்கா? மாப்பிள்ளையாச்சேன்னு பாக்கறேன்!"

"பாருய்யா! வந்து பாருய்யா!"

நெஞ்சு நிமிர்ந்தது, கழுத்து விறைத்தது, இரண்டு பேரும் நுனிக்காலில் நின்று முறைத்தோம். கடிக்கவில்லை, பின்வாங்கவும் இல்லை. கீழே நாய்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. ஜட்ஜ் எங்களை ஒரு சுற்று சுற்றிவந்து, துரையிடம் ஏதோ கேட்டார். துரை எங்கள் சண்டையை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னதற்குச் சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். துரை மட்டும் சிரிக்கவில்லை.

"ஜட்ஜ் ஐயா சொல்லுது, நாய் ரெண்டும் வேணாம். மனுசன் ரெண்டும் முதல் பிரைசு."

கோப்பை யாருடைய நாய்க்கோ போனது. வீடு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசருக்குப் போனது.

ஒரு மரத்தடியில் பவளம் உட்கார்ந்து அழுதாள். "வீடு போச்சுங்க. பிள்ளய எங்க போடறது?" திட்டாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கேயே நின்றிருந்த பெருமாள் கடைப்பக்கம் வேகமாகப் போனான். திரும்பும்போது கையில் வெற்றிலையும் பாக்கும் இருந்தன. தட்டுக்கு எங்கே போவான்? டிம்மி தண்ணீர் குடித்த தகரத் தட்டை வேட்டியில் துடைத்து, அதில் வைத்து என் முன்னால் நீட்டினான்.

"மாப்பிள்ளை, தப்பு என்னுதுதான். தலைப்பிரசவத்துக்கு என் தங்கச்சிய எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க. எங்க கூரை ஒழுகாது."

வாங்கிக்கொண்டேன். என்ன செய்ய, வெற்றிலையில் நாய் வாடை அடித்தது.

மகள் நனையாத வீட்டில்தான் பிறந்தாள். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள். ஏதாவது கல்யாண வீட்டில் என்னைச் சரியாக அழைக்கவில்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்தினால் போதும், என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பாள்.

"அப்பா, உக்காருங்க. பிரைசு ஏற்கெனவே வாங்கியாச்சு."